கேரம் பலகையின் ஈர்ப்பு

மாந்தர் உணவுக்காக உழைக்கின்றனர்; அதற்குக் காரணம் கேட்பார் இல்லை. ஆனால் பகல் முழுவதும் உழைத்துக் களைத்த ஒருவர், உறங்க வேண்டிய நேரத்தில் மரப்பலகை ஒன்றின் முன் அமர்ந்து வட்டக் காய்களை விரலால் சுண்டிக்கொண்டிருந்தால், அதற்குக் காரணம் கேட்கத்தான் வேண்டும். அவருக்குக் கூலி இல்லை, பரிசு இல்லை, கைதட்டுவாரும் இல்லை. எனினும் அவர் நாளையும் வருவார். ஏன் வருகிறார்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இயற்பியல் முதுகலை மாணவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து படிப்புக்காக மும்பை வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் பெரியப்பா வீடு தாராவியில், 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. அச்சந்தின் முனையில் ஒரு கேரம் பலகை உண்டு. ஞாயிறுதோறும் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். இடம் கிடைத்தபோது ஆடியும் இருக்கிறேன். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நண்பர்கள் வீடுகளில் ஆடியிருக்கிறேன். அங்கெல்லாம் கண்டதையும் நூல்களில் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பொழுதுபோக்கு ஆட்டம் என்பது யாது?

ஆட்டங்களை மூவகையாகப் பிரிக்கலாம். பிறர் பார்ப்பதற்காகச் சிலர் ஆடுவது ஒரு வகை. இன்றைய கிரிக்கெட்டுப் பந்தயங்கள் அவ்வகையின. பணத்துக்காக ஆடுவது இன்னொரு வகை. அதன் பெயர் சூது. மூன்றாவது வகையில் ஆடுகின்றவர்களே பார்ப்பவர்கள், ஆட்டமே பரிசு. அத்தகைய ஆட்டத்தைச் சுற்றி ஒரு கூட்டம் உருவாகும். அக்கூட்டத்துக்கெனத் தனிச் சொற்களும் வழக்கங்களும் மூத்தோரும் இருப்பர். வெளியில் இருப்பவருக்கு அது வீண்வேலையாகத் தோன்றும். உள்ளே இருப்பவருக்கு அது ஒரு சிற்றூர் போன்றது.

இத்தகைய கூட்டங்கள் உலகெங்கும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், ஈயப் பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்திப் போர் ஆடுவதற்கான விதிகளை 1913இல் ஒரு நூலாகவே எழுதினார். அந்தப் பொம்மைப் போர் ஆட்டங்களின் வழியில் 1974இல் அமெரிக்காவில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் கதையாட்டம் பிறந்தது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, பகடை உருட்டி, ஒரு கதையைப் பல மாதங்கள் தொடர்ந்து நடத்துவர். நம் நாட்டிலோ, சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972இல் தொடங்கப்பட்ட தால் சதுரங்கக் கழகத்தைச் சொல்லலாம். நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் அதை நடத்தினார்; விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகியதும் அங்கேதான். நம் ஊர்த் திண்ணைகளில் கரிக்கோடு கிழித்து ஆடிய ஆடுபுலியும், பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியும், விடிய விடிய நடந்த தாயமும் இதே இனத்தவை.

ஊரைவிட்டுப் பிழைப்புக்கு வந்தவர்கள் திண்ணையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. மும்பைக்கு வந்த தமிழருக்குத் திண்ணையின் இடத்தில் அமைந்தது கேரம் பலகை. மராத்தியர், குஜராத்தியர், உத்தரப் பிரதேசத்தார் ஆகியோருக்கும் இந்நகரில் அதுவே ஆட்டம். ஆகவே இதை ஆராய்வதற்கு மும்பையைவிடச் சிறந்த இடம் கிடைப்பது அரிது.

பலகையும் விதியும்

கேரம் ஆடாத மாணவர் நம்முள் மிகச் சிலரே. எனினும் முறையான விதிகளை அறிந்தவர் குறைவு என்பதால் சுருங்கச் சொல்கிறேன்.

ஆடும் பரப்பு ஒரு சதுரம்; பக்கம் 74 செ.மீ. நான்கு மூலைகளிலும் குழிகள். ஒவ்வொன்றின் விட்டம் 4.45 செ.மீ. வெள்ளைக் காய் 9, கறுப்புக் காய் 9, சிவப்புக் காய் 1. ஆக 19 காய்கள். காயின் விட்டம் 3.18 செ.மீ.க்கு மேற்படக் கூடாது. எடை 5 முதல் 5.5 கிராம். ஸ்டிரைக்கரின் விட்டம் 4.13 செ.மீ.க்குள்ளும் எடை 15 கிராமுக்குள்ளும் இருத்தல் வேண்டும். சிவப்புக் காயை நாம் ‘ரெட்’ என்போம். மும்பையில் அது ‘ராணி’. அதைப் போட்டால் அடுத்து நம் காய் ஒன்றைப் போட்டாக வேண்டும். ஊரில் அதற்கு ‘ஃபாலோ’ என்று பெயர். ஃபாலோ விழாவிட்டால் ராணி பலகைக்குத் திரும்பிவிடும். முறையான ஆட்டத்தில் ராணிக்கு 3 புள்ளிகள். ஓர் ஆட்டத்துக்கு 25 புள்ளிகள். ஆடத் தொடங்கிய பின் நாற்காலியை நகர்த்தக் கூடாது. இருக்கையிலிருந்து எழவும் கூடாது.

இவ்விதிகளை உலகுக்குப் பொதுவாக்கிய சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தோன்றியது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்றார். வியாசர்பாடியிலிருந்து சென்ற இளவழகி 2008இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். இப்பெயர்களை எண்ணிப் பாருங்கள். பெருஞ்செல்வர் வீட்டுப் பெயர் ஒன்றும் இப்பட்டியலில் இல்லை. இஃது ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒரு மில்லிமீட்டரின் ஆட்சி

இனி என் பாடத்துக்கு வருகிறேன்.

15 கிராம் ஸ்டிரைக்கர், அசையாமல் இருக்கும் 5.5 கிராம் காயை நேருக்கு நேர் மோதுவதாகக் கொள்வோம். மோதலில் ஆற்றல் இழப்பு இல்லை என்றும் கொள்வோம். கணக்கிட்டால், ஸ்டிரைக்கர் வந்த வேகத்தைப் போல் 1.46 மடங்கு வேகத்தில் காய் புறப்படும். ஸ்டிரைக்கர் நின்றுவிடாது; தன் வேகத்தில் 0.46 பங்குடன் காயைத் தொடர்ந்து செல்லும். உண்மையான மோதலில் சிறிது ஆற்றல் ஒலியாகவும் வெப்பமாகவும் கழியும். எனினும் போக்கு இதுதான். நேராகக் குழியை நோக்கிப் பலமாக அடிக்கும் புதியவருக்குக் காயின் பின்னாலேயே ஸ்டிரைக்கரும் குழியில் விழுந்து ‘மைனஸ்’ ஆகிவிடுவது இதனால்தான். இரண்டும் சம எடையாக இருந்திருந்தால் ஸ்டிரைக்கர் மோதிய இடத்திலேயே நின்றிருக்கும். ஆட்டத்தின் சுவையும் பாதி போயிருக்கும்.

அடுத்துக் குறிபார்த்தலைக் கவனிப்போம். மோதும் கணத்தில் இரு மையங்களுக்கும் இடையிலுள்ள தொலைவு ஏறக்குறைய 36.5 மி.மீ. நேர் அடியில் நம் விரல் 1 மி.மீ. மட்டும் விலகினால், காய் செல்லும் திசை சற்றேறக்குறைய 1.6 பாகை திரும்பும். குழி 50 செ.மீ. தொலைவில் இருந்தால், அங்கே போய்ச் சேரும்போது காய் 1.4 செ.மீ. விலகியிருக்கும். குழியின் மையத்திலிருந்து விளிம்பு வரை 2.2 செ.மீ. உண்டு. எனவே அந்தக் காய் விழுந்துவிடும். ஆனால் 60 பாகை சாய்வில் அடிக்கும் ‘கட்’ அடியில் அதே 1 மி.மீ. பிழை இருமடங்காகப் பெருகும், விலகல் 2.7 செ.மீ. ஆகும். அந்தக் காய் விளிம்பில் மோதித் திரும்பும்.

பலகையின் மேல் தூவும் போரிக் பவுடருக்கும் ஒரு கதை உண்டு. போரிக் அமிலத்தின் படிகம் அடுக்கடுக்கானது. ஓர் அடுக்குக்குள் பிணைப்பு வலிது; அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே மெலிது. ஆகவே புதிய சீட்டுக்கட்டைத் தள்ளினால் சீட்டுகள் வழுக்குவதுபோல் அடுக்குகள் வழுக்குகின்றன. மும்பையின் மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்துக் காய்கள் தயங்கும். பலகைக்கு மேல் தாழத் தொங்கும் குண்டு விளக்கு அப்போது ஒளி தருவதோடு சிறிது வெப்பமும் தந்து உதவும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பலகையில் நடப்பவற்றுக்கெல்லாம் காரணம் உண்டு. அக்காரணம் ஆடுபவரின் விரலில் இருக்கிறது என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன். தாராவிச் சந்தில் ஆடும் தையற்காரருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் அவர் விரலுக்குத் தெரியும். அவர் சாய்த்து அடிக்கும் அடியைக் காணும்போது, நான் தாளில் எழுதும் சமன்பாட்டை அவர் பல ஆண்டுகளாகப் பலகையில் எழுதி வருகிறார் என்றே எனக்குத் தோன்றும்.

ஈர்க்கும் காரணங்கள் நான்கு

முதலாவது காரணம், உழைப்பின் பயன் உடனே கண்ணுக்குத் தெரிவது. வாழ்க்கையில் நாம் செய்வதற்கும் அதன் விளைவுக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. விண்ணப்பம் இன்று போடுகிறோம். விடை ஆறு மாதம் கழித்து வருகிறது, அல்லது வருவதே இல்லை. பலகையில் அடித்த மறு நொடியே விடை. காய் விழுந்தது, அல்லது விழவில்லை. பிழை எங்கே என்பதும் தெரியும். அடுத்த முறை திருத்தலாம். அங்கேரியக் குடும்பத்தில் தோன்றி அமெரிக்காவில் ஆராய்ந்த உளவியலறிஞர் சிக்ஸென்ட்மிஹாயி, சதுரங்கம் ஆடுவோர், மலையேறுவோர், அறுவை மருத்துவர் முதலியோரைக் கண்டு பேசி 1975இல் ஒரு நூல் எழுதினார். செயலின் கடுமையும் செய்வோரின் திறனும் ஒத்திருந்து, விளைவும் உடனுக்குடன் தெரியுமானால், மனிதன் நேரத்தையும் தன்னையும் மறந்து அச்செயலில் ஒன்றிவிடுகிறான் என்பது அவர் கண்ட முடிவு. எளிய செயல் சலிப்பைத் தரும்; மிகக் கடியது அச்சத்தைத் தரும்; இடையில் உள்ளதே இன்பம். மேலே கண்ட 1 மி.மீ. கணக்கு அந்த இடைநிலையைத்தான் காட்டுகிறது.

இரண்டாவது காரணம், விதியின் முன் அனைவரும் சமம் என்பது. டச்சு வரலாற்றறிஞர் ஹூயிசிங்கா 1938இல் எழுதிய நூலில், ஆட்டக்களம் என்பது அன்றாட உலகிலிருந்து கோடு கிழித்துப் பிரித்த ஓர் இடம் என்றும், கோட்டுக்குள் அதன் விதியே ஆட்சி செய்கிறது என்றும் விளக்கினார். கேரம் பலகையில் அந்தக் கோடு மரச்சட்டமாகவே இருக்கிறது. உயரமானவர் எழுந்து நின்று அடிக்க முடியாது. பணக்காரருக்குப் பெரிய குழி கிடையாது. தமிழ் மட்டும் தெரிந்தவரும் இந்தி மட்டும் தெரிந்தவரும் எதிரெதிரே அமரலாம். காய் விழுவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. சாதியும் ஊரும் கேட்டு வாடகைக்கு அறை கொடுக்கும் நகரத்தில், இவற்றைக் கேளாத 74 செ.மீ. சதுரம் ஒன்று உண்டு என்பது சிறு செய்தியன்று.

மூன்றாவது காரணம், பெயர். ஒரு நாள், தோற்பட்டறையில் வேலை செய்யும் ஓர் அண்ணாச்சியிடம், “நித்தம் வாறீங்களே, அலுக்கலையா?” என்று கேட்டேன். அவர் ஸ்டிரைக்கரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, பட்டறையில எனக்குப் பேரு கிடையாது. ‘ஏ மதராசி’ன்னுதான் கூப்பிடுவான். இங்க வந்தா, நான் வராத அன்னைக்கு ‘எங்க காணோம்’னு கேக்க நாலு பேரு இருக்கான்.” நான் படித்த நூல்களில் இவ்வளவு சுருக்கமான விளக்கம் கிடைக்கவில்லை. பலகையைச் சுற்றி நிற்பவர்களுக்கு இவர் இடக்கை ஆட்டக்காரர், அவர் ராணியை மட்டும் குறிவைப்பவர், இன்னொருவர் கடைசிக் காயில் கை நடுங்குபவர் என ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. நகரம் எண்ணாக்கிய மனிதனைப் பலகை மீண்டும் ஆளாக்குகிறது.

நான்காவது காரணம், இடம். தாராவி ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டரில் பல லட்சம் மக்கள் வாழும் பகுதி. அங்கே மட்டையும் பந்தும் கொண்டு ஆட மைதானம் தேடுவது கடினம். கேரமுக்கு நான்கு பேர் அமரும் இடமும் ஒரு விளக்கும் போதும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் கோடை விடுமுறையில் மாமன் மக்களும் அத்தை மக்களும் கூடத்தில் பலகை விரிக்கின்றனர். செம்பூரில் என் நண்பர் வாழும் குடியிருப்பில், பணி ஓய்வு பெற்றவர்கள் மாலையில் கீழ்த்தளத்தில் கூடி ஆடுகின்றனர். வறியவருக்கும் நடுத்தரத்தாருக்கும் ஒரே பலகை. ஆனால் வறியவருக்குப் பெரும்பாலும் வேறு ஆட்டம் கிடைப்பதில்லை. உலகப் பட்டம் வென்றவர்கள் பலர் எளிய குடும்பங்களிலிருந்து வந்தமைக்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். செலவு குறைந்த ஆட்டத்தில்தான் ஏழையின் திறமை தடையின்றி வெளிப்படும்.

தாராவியில் மறுசீரமைப்புத் திட்டம் நடந்து வருகிறது. சந்துகள் போய் மாடிக் கட்டடங்கள் எழும். வீட்டின் அளவைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். சந்து முனையில் இருந்த பலகைக்கு எந்த மாடியில் இடம் என்பதையும் யாராவது கேட்க வேண்டும்.

பந்தயம் புகும்போது

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறுபக்கத்தை மறைப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று.

பல இடங்களில் தோற்றவர் பலகை வாடகையைக் கொடுப்பது வழக்கம். பிறகு தோற்றவர் தேநீர் வாங்குவது வழக்கமாகும். அதன்பின் பத்து ரூபாய், அதன்பின் நூறு. கூட்டம் பெருகும், ஆடுபவரைவிடப் பக்கத்தில் நிற்பவர் அதிகம் கட்டுவர். மும்பையின் மால்வணியைக் களமாகக் கொண்ட ‘ஸ்டிரைக்கர்’ என்னும் இந்திப் படம் 2010இல் வந்தது. சித்தார்த் கேரம் ஆட்டக்காரராக நடித்தார். வெற்றிமாறனின் ‘வடசென்னை’ 2018இல் வந்தது. அதில் தனுஷ் கேரம் வீரர். இரு படங்களிலும் நல்ல விரல் உள்ள இளைஞனைத் தீயவர்கள் தேடி வருகின்றனர். கதை கற்பனை, நிலைமை கற்பனையன்று.

செல்பேசி வந்த பின் சந்து முனைக்குச் செல்லவும் தேவையில்லை. பணம் கட்டிக் கேரமும் ரம்மியும் ஆடும் செயலிகள் பெருகின. என்னுடன் படித்த மாணவர் ஒருவர், விடுதிக் கட்டிலில் படுத்தவாறே மூன்று வாரங்களில் தம் பருவக் கட்டணத்தை இழந்தார். ஊரில் அவர் தந்தை கடன் வாங்கி அனுப்பிய தொகை அது. அவர் மூடரல்லர், எங்கள் வகுப்பில் புள்ளியியலில் முதல் மதிப்பெண் பெற்றவர்.

அறிவாளி ஏன் சிக்கினார்? உளவியலறிஞர்களான ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பொத்தானைக் கொத்தும் புறாவுக்கு ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கொடுத்து வந்து, பின் தீனியை நிறுத்தினால், அது விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்குத் தீனி என்று தெரியாதபடி சில முறை கொடுத்தும் பல முறை கொடாமலும் பழக்கிவிட்டால், தீனி நின்ற பின்பும் புறா வெகுநேரம் விடாது கொத்தும். சூதின் இயக்கம் இதுவே. சூதில் பெற்ற வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு வள்ளுவர் ஒப்பிட்டார். புறாக் கூண்டு இன்றியே அவர் கண்டுணர்ந்த உண்மை இது.

பணம் புகுந்தவுடன் மேற்சொன்ன நான்கு காரணங்களும் எவ்வாறு திரிகின்றன என்று பாருங்கள். உடனே தெரியும் பயன் விரலை விட்டுப் பணப்பைக்கு மாறுகிறது. பிழையைத் திருத்துவதற்கு மாறாக இழந்ததை மீட்கவே மனம் விரைகிறது. சமம் என்பது போகிறது. நூறு ரூபாயை இழக்கத் தாங்குபவரும் தாங்காதவரும் சமமல்லர். பெயர் போகிறது, செயலியில் எதிரே இருப்பது யார் என்பதே தெரியாது, அது மனிதரா இயந்திரமா என்பதும் தெரியாது. இடமும் போகிறது, இரவு 2 மணிக்கு விளக்கை அணைக்கப் பலகைக்காரர் இல்லை. ஆட்டத்தின் உருவம் அப்படியே இருக்கிறது. அதன் உயிர் நான்கு வழிகளாலும் வெளியேறிவிட்டது.

சட்டம் இதை எவ்வாறு காண்கிறது என்பதையும் மாணவர் அறிதல் நன்று. மகாராஷ்டிரத்தின் சூதாட்டத் தடுப்புச் சட்டம் 1887ஆம் ஆண்டினது. முழுவதும் திறனால் ஆடும் ஆட்டத்துக்கு அது விலக்களிக்கிறது. திறனே மேலோங்கிய போட்டி சூதாகாது என 1957இலும், ரம்மி பெரும்பாலும் திறன் ஆட்டமே என 1968இலும் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தத் ‘திறன்’ என்னும் சொல்லைக் குடையாகப் பிடித்துக்கொண்டே செயலிகள் வளர்ந்தன. தமிழ்நாடு 2022இல் இணையவழிச் சூதுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டமோ, திறனா வாய்ப்பா என்ற வேறுபாட்டைப் பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. அவற்றை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் அதில் உண்டு.

இவ்விடத்தில் என் கருத்தைக் கூறுகிறேன். ‘இது திறனா, வாய்ப்பா?’ என்னும் கேள்வி நீதிமன்றத்துக்கு உரியது. மாணவர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘பணத்தை எடுத்துவிட்டால் நான் இந்த ஆட்டத்தை ஆடுவேனா?’ ஆடுவேன் என்றால் அது பொழுதுபோக்கு. ஆடமாட்டேன் என்றால், அதில் எவ்வளவு திறன் இருந்தாலும் அது சூது.

நாம் செய்யத்தக்கவை

ஆட்டத்தை விலக்குவதால் சூது ஒழியாது. பசித்தவனுக்குச் சோறு கொடாமல் நஞ்சுண்ணாதே என்று மட்டும் சொல்வதுபோல் ஆகும் அது. விடுதி அறையில் தனியே கிடக்கும் மாணவனுக்கு, அவன் வராத நாளில் “எங்கே காணோம்?” என்று கேட்க நான்கு பேர் வேண்டும். அந்நால்வரை நம் மன்றம் தர இயலும். அதற்காக மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, மன்ற அறையில் ஒரு நல்ல பலகையும் இரண்டு ஸ்டிரைக்கர்களும் வேண்டும். வாரத்தில் இரண்டு மாலைகள், ஏழு முதல் ஒன்பது மணி வரை ஆடலாம். மணி ஒன்பதானதும் விளக்கை அணைத்துவிட வேண்டும். ஒன்றிப்போன மனத்துக்கு நேரம் தெரியாது என்று மேலே கண்டோம். ஆகவே நேரத்தை மனத்திடம் விடாமல் கடிகாரத்திடம் விடுவதே அறிவுடைமை.

இரண்டாவது, பலகையில் எப்பொருளும் பந்தயமாகக் கூடாது, தேநீரும் கூடாது. தேநீரில் என்ன குற்றம் என்று சிலர் கேட்பர். தேநீரில் குற்றம் இல்லை. தோல்விக்கு விலை வைக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்கட்டும், அதுவே போதும். தேநீரை எல்லோரும் பங்கிட்டு வாங்குவோம்.

மூன்றாவது, நம் மகளிர் ஆடுவதற்கும் சம இடம் வேண்டும். உலகப் பட்டங்களைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவருள் பெண்கள் இருவரை மேலே குறித்தேன். ஆயின் சந்து முனைப் பலகையில் இரண்டு ஆண்டுகளில் ஒரு பெண் அமர்ந்து ஆட நான் கண்டதில்லை. வீட்டுக்குள் தம்பியைத் தோற்கடிக்கும் தங்கை, வெளியில் வந்தால் பார்வையாளராகக்கூட நிற்க முடிவதில்லை. விதியின் முன் அனைவரும் சமம் என்று பலகையைப் புகழ்ந்தேன். அப்புகழ் முழு உண்மை ஆக வேண்டுமானால், பலகைக்கு வரும் வழியும் சமமாக வேண்டும்.

இவை மூன்றும் நடந்தால், ஆண்டுக்கு ஒருமுறை தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளின் ஆட்டக்காரர்களையும் நம் வளாகத்துக்கு அழைத்து ஒரு போட்டி நடத்தலாம். இந்நகரில் இம்மூன்று பகுதித் தமிழரும் ஒருவரை ஒருவர் சந்திக்கும் இடங்கள் குறைவு. ஒருவர் தோற்பட்டறையிலிருந்தும், ஒருவர் வங்கியிலிருந்தும், ஒருவர் ஆய்வுக்கூடத்திலிருந்தும் வந்து ஒரே பலகையில் அமரட்டும். யார் வெல்வார் என்பதை என்னால் இப்போதே ஊகிக்க முடியும். நம் வளாகத்தார் வெல்ல மாட்டார்கள். பட்டம் பெறாத விரலிடம் பட்டம் பெறப்போகும் விரல் தோற்பதும் ஒரு நல்ல பாடமே.

மன்றத்தின் அடுத்த கூட்டம் இதை எண்ணிப் பார்க்குமாக. பலகை வாங்கும் பொறுப்பையும், முதல் மாலையில் போரிக் பவுடர் தூவும் பொறுப்பையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.